கரண்டு கம்பியிலேயே லைட்டுக்கு சேதி அனுப்புறது: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

எங்க வீடு குலசேகரம் பக்கம், வீட்டுக்குப் பின்னால ரப்பர், அதுக்குள்ள ஒரு 40 மீட்டர் நடந்தா ஷீட் அடிக்கிற ஷெட்டு. விடியக்காலம் நாலு மணிக்கு அப்பா பால் வெட்ட இறங்கும்போது அந்த ஷெட்டு லைட்ட போடணும்னா இருட்டுக்குள்ள அங்க வரைக்கும் நடந்து போய்தான் சுவிட்ச தட்டணும், நம்ம ஊர்ல ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை, வழியெல்லாம் வழுக்கும், கூடவே பாம்பு வேற. "லே மக்கா, நீ கம்ப்யூட்டரு படிச்சவன்லா, கட்டில்ல இருந்தே அந்த பல்ப போட ஒரு வழி பண்ணப்பிடாதா"ன்னு அப்பா கேட்டதுதான் ஆரம்பம்.

முதல்ல எனக்கும் வைஃபை பல்புதான் தோணிச்சு. ஆனா பழைய வீடு, வெட்டுகல்லு சுவரு, ஒண்ணரை அடி தடிமன், ரௌட்டர் இருக்கிற முன்னறையில இருந்து அடுக்களைக்கே சிக்னல் பைய பையதான் வரும், பொறவு எங்க ஷெட்டுக்குப் போக. புதுசா கேபிள் இழுக்கணும்னா 40 மீட்டர் குழி வெட்டி பைப்பு போடணும், அதுக்கு மண்வெட்டி பிடிக்கப்போறதும் நான்தான். அப்பதான் மண்டையில உறைச்சுது, ஷெட்டு வரைக்கும் ஏற்கெனவே ஒரு கம்பி போயிட்டுதானே இருக்கு, அங்க பல்பு எரியுதுல்லா. அந்த கரண்டு கம்பியிலேயே சேதியும் அனுப்பிட்டா என்ன?

இது ஒண்ணும் புது விஷயம் இல்ல. பெரிய சப்ஸ்டேஷன் பக்கமா பஸ்ல போகும்போது பாத்திருப்பிய, ஹை டென்ஷன் லைன் உள்ள வர்ற இடத்துல பீப்பா மாதிரி ஒரு கம்பிச்சுருள் தொங்கும், அதுக்குப் பேரு வேவ் ட்ராப். ஒரு சப்ஸ்டேஷன்ல இருந்து இன்னொண்ணுக்கு போன் பேசவும், கோளாறு வந்தா லைன துண்டிக்க வைக்கிற பாதுகாப்பு ரிலேக்களுக்கு சிக்னல் அனுப்பவும் அந்த லைனையே பயன்படுத்துறாங்க, அந்த சிக்னல் வேண்டாத பக்கம் போயிராம தடுக்கத்தான் அந்த சுருளு. நாம வீட்டுக்குள்ள செய்யப்போறது இதே வேலையோட குட்டி வடிவம், அவ்வளவுதான்.

எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லுகேன். நம்ம பிளக் பாயிண்ட்ல வர்றது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது கரண்டு ஒரு செகண்டுக்கு 50 தடவை மேல ஏறி கீழ இறங்கி திரும்பி வருது. இந்த பெரிய அலைக்கு மேல, ரொம்ப வேகமா துடிக்கிற ஒரு குட்டி அலைய ஏத்தி விடுறோம், 120 கிலோஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் துடிப்பு. பல்புக்கு இந்த குட்டி அலை இருக்கிறதே தெரியாது. ஆனா லைட்டுக்கு முன்னால மாட்டி, அதுக்குன்னே காதத் தீட்டி வச்சிருக்கிற ஒரு சின்ன பெட்டிக்கு, அதாவது மாட்யூலுக்கு, அது கேக்கும். கேட்டதும் உள்ள இருக்கிற ரிலே, அதாவது தானா தட்டுற சுவிட்ச், டக்குனு அடிக்கும், லைட் எரியும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் அந்த குட்டி அலைய எப்ப அனுப்புறாங்கங்கிறது. குளச்சல்லயோ முட்டத்துலயோ கரையில நின்னு வள்ளம் இறக்குறத பாத்திருக்கியளா? ஒரு அலை வந்து அடிச்சு ஓய்ஞ்சு அடுத்த அலை எழும்புறதுக்குள்ள ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும், அதுக்குன்னு காத்து நிப்பாங்க, கிடைச்ச நிமிஷம் எல்லாரும் சேர்ந்து ஒரே தள்ளு. கரண்டு அலையும் அப்படித்தான், ஒவ்வொரு தடவையும் பிளஸ்ல இருந்து மைனஸுக்கும், மைனஸ்ல இருந்து பிளஸுக்கும் போகும்போது ஒரு கணம் சைபர் வோல்ட்ட கடந்து போகும், செகண்டுக்கு 100 தடவை இது நடக்கும். இதத்தான் ஜீரோ கிராசிங்னு சொல்றது. அந்த ஓய்வுலதான் சேதிய தள்ளி விடுறாங்க, ஏன்னா அந்த நேரத்துல லைன்ல இரைச்சல் பொதுவா குறைவு, அதோட அனுப்புறவனுக்கும் கேக்குறவனுக்கும் நேரம் ஒத்துப்போக தனியா கடிகாரம் வேண்டாம், கரண்டே கடிகாரம்.

இந்த முறைய வீட்டுக்குள்ள கொண்டு வந்ததுல முதல் பேரு எக்ஸ்-10. 1975-ல ஸ்காட்லாந்துல கிளென்ரோத்தஸ்ங்கிற ஊர்ல பிகோ எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு கம்பெனி உண்டாக்கினது, அவங்களோட பத்தாவது புராஜெக்டுங்கிறதால எக்ஸ்-10. அம்பது வருஷப் பழசு, ஆனா கத்துக்கிறதுக்கு இதவிட லேசான ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு ஜீரோ கிராசிங்லயும் ஒரு மில்லிசெகண்டுக்கு அந்த 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு இருந்தா ஒரு அர்த்தம், இல்லேன்னா இன்னொரு அர்த்தம். முதல்ல இருந்து, அடுத்ததுல இல்லாம போனா அது 1. முதல்ல இல்லாம, அடுத்ததுல இருந்தா அது 0. இப்படி ஜோடி ஜோடியா அனுப்புறதால ஏதோ ஒரு இரைச்சல் நடுவுல வந்து விழுந்தாலும், இது கள்ளச்சேதின்னு ஓரளவு கண்டுபிடிச்சிரலாம்.

ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு விலாசம் உண்டு. 16 எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்குள்ளயும் 16 நம்பர், ஆக மொத்தம் 256. மாட்யூல் முன்னால ரெண்டு சின்ன வட்டத் திருகு இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் வச்சு ஒண்ணுல எழுத்தும் மத்ததுல நம்பரும் திருப்பி வைக்க வேண்டியதுதான், ஆப்பும் கிடையாது பாஸ்வேர்டும் கிடையாது. சேதி அனுப்புற கண்ட்ரோலர், அதாவது பட்டன் உள்ள பெட்டி, "இன்ன எழுத்து, இன்ன நம்பர்"னு முதல்ல கூப்பிடும், பொறவு "எரி"ன்னு சொல்லும், ரெண்டையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்லும். இவ்வளவும் சொல்லி முடிக்க 47 சைக்கிள் ஆகும், நம்ம 50 ஹெர்ட்ஸுக்கு கணக்குப் போட்டா 0.94 செகண்ட். அதனால பட்டன அமுக்கின உடனே லைட் எரியலியேன்னு மறுபடி மறுபடி அமுக்கப்பிடாது, ஒரு செகண்ட் பொறுக்கணும். எங்க அப்பா நாலு தடவை அமுக்கி, அது எரிஞ்சு அணைஞ்சு எரிஞ்சு அணைஞ்சு, "இந்த சவத்துக்கு என்னலே பேய் பிடிச்சிருக்கு"ன்னு கேட்டது தனிக்கதை.

இதுல ஒரு குறை, கேட்டவன் பதில் சொல்ல மாட்டான். லைட் எரிஞ்சுதா இல்லியான்னு அனுப்பினவனுக்குத் தெரியாது. பூட்டும் கிடையாது, அதே லைன்ல யாரு அந்த சேதிய அனுப்பினாலும் மாட்யூல் கேக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மர்ல, ஒரே பேஸ்ல இருக்கிற பக்கத்து வீட்டுக்கு நம்ம சிக்னல் கொஞ்சம் கசிஞ்சு போக வாய்ப்பு உண்டு. அதனால நான் எல்லாருகிட்டயும் சொல்றது, இத லைட்டோட நிறுத்திக்கிடுங்க. கிணத்து மோட்டாரு, வாட்டர் ஹீட்டரு, கேட்டு பூட்டு, இதெல்லாம் இதுல மாட்டவே மாட்டாதீங்க. லைட்டு தப்பா எரிஞ்சா ஒரு சிரிப்பு, தண்ணி இல்லாத கிணத்துல மோட்டாரு ராத்திரி முழுக்க ஓடினா யாரு பதில் சொல்றது.

இனி நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிருகேன், ஏன்னா இத நிறைய பேரு பண்ணுவாங்க. அமெரிக்காவுல இருக்கிற சித்தப்பா மகன் லீவுக்கு வரும்போது பழைய மாட்யூல் ரெண்டு கொண்டு தந்தான், நானும் சந்தோஷத்துல அடாப்டர் பிளக் போட்டு சொருகினேன், ரெண்டு செகண்ட்ல புஸ்ஸுனு புகை, பொசுங்கின நாத்தம் மூணு நாளு அறைய விட்டு போகல்ல. அங்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிளக்க மாத்தினா கரண்டு மாறாதுல்லா. வாங்கும்போது பின்னால சின்ன எழுத்துல 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுன்னு இருக்கான்னு பாத்துட்டுதான் கையில எடுக்கணும். வளைகுடாவுல இருந்து கொண்டு வர்றதா இருந்தாலும் பாக்கணும், சவுதியில 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவுக்குன்னு செஞ்ச மாடல் நமக்கு ஒத்து வரும், இப்ப புதுசா கிடைக்கிறது குறைவு, பழைய ஸ்டாக்கோ ஒருத்தர் பயன்படுத்தினதோதான் தேடணும்.

ஆனா மாட்யூல் வாங்குறதுக்கு முன்னால பாக்க வேண்டியது நம்ம வீட்டு ஒயரிங். இங்க நெட்வொர்க்கே அந்த ஒயருதான், அது எப்படிப் போகுதுன்னு தெரியாம பொருள வாங்கிட்டு வந்து "வேலை செய்யல்ல"ன்னு சொல்றவங்கதான் நிறைய.

முதல் கேள்வி, உங்க வீட்டுக்கு சிங்கிள் பேஸா மூணு பேஸா? மீட்டர் பக்கத்துல மூணு பீஸ் கட்டை இருந்தா மூணு பேஸ். "ஒரு பேஸ் போயிட்டு"ன்னு பாதி வீடு இருட்டாவும் பாதி வீடு வெளிச்சமாவும் கிடக்குமே, அந்த வீடு. அதுல முன்னறை ஒரு பேஸ்ல, அடுக்களை இன்னொரு பேஸ்ல இருக்கும். முன்னறையில இருந்து அனுப்புற சேதி அடுக்களை பேஸுக்குப் போகணும்னா நேர் வழி இல்ல, ரோட்டுல இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போய் சுத்தி வரணும், அதுக்குள்ள செத்துப்போகும். இதுக்கு பேஸ் கப்ளர்னு ஒரு சாதனம் உண்டு, வீட்டுக்குள்ள ஒவ்வொரு லைனா கரண்டு பிரியுற டிபி பாக்ஸ்ல மாட்டுவாங்க, 50 ஹெர்ட்ஸ கடத்தி விடாது, குட்டி அலைய மட்டும் ஒரு பேஸ்ல இருந்து இன்னொண்ணுக்கு தாண்ட விடும். அத மாட்டுறது லைசென்ஸ் உள்ள ஒயர்மேன் வேலை, நம்ம வேலை இல்ல.

இன்னொரு வில்லங்கம் நம்ம ஊருக்கே உரியது, பேஸ் சேஞ்சர். ஒரு பேஸ் போச்சுன்னா திருகி இன்னொரு பேஸுக்கு மாத்துறதுக்குன்னு பாதி வீட்டுல ஒரு ரோட்டரி சுவிட்ச் வச்சிருப்பாங்க. நேத்து வரைக்கும் நல்லா வேலை செஞ்ச லைட் இன்னைக்கு கேக்கமாட்டேங்குதேன்னு நான் ரெண்டு நாளு மண்டைய உடைச்சேன், மாட்யூலக் கழத்திப் பாத்தேன், விலாசத்த மாத்திப் பாத்தேன், கடைசியில பாத்தா முந்தின நாளு கரண்டு போனப்போ அம்மை அந்த சுவிட்ச திருகி வச்சிருக்கா.

ரெண்டாவது இன்வெர்ட்டர். லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டர் லைன்ல, மிக்சியும் ஃபிரிட்ஜும் நேர் லைன்ல, இதுதான் நம்ம வீட்டு வழக்கம். கரண்டு இருக்கும்போது இன்வெர்ட்டர் சும்மா கடத்தி விடும், ஆனா அதுக்குள்ள இருக்கிற ஃபில்டர் குட்டி அலைய குடிச்சிரலாம். கரண்டு போனா நிலைமையே வேற, இன்வெர்ட்டர் தன் சொந்த அலைய உண்டாக்குது, நேர் லைன் செத்துக் கிடக்கும். அதனால சேதி அனுப்புற கருவியையும் லைட்டு மாட்யூலையும் ஒரே இன்வெர்ட்டர் லைன்லயே வைக்கப் பாருங்க. அதோட ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா, அது அலையே இல்ல, படிக்கட்டு, ஜீரோ கிராசிங்ல ஓய்வே கிடைக்காது, ஒரே குதிதான். சைன் வேவ் இன்வெர்ட்டர் இருக்கிறவங்க பாக்கியவான்கள். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி அடிச்சு போஸ்ட்டெல்லாம் சாஞ்சு நாளுக்கணக்கா கரண்டு இல்லாம கிடந்தப்பெறவு எங்க ஏரியாவுல இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைஞ்சு போச்சு, அதனால இத ஒதுக்கி வச்சிட்டு பேச முடியாது.

மூணாவதுதான் பெரிய தலைவலி, சிக்னல குடிக்கிற சாமான்கள். டிவி, கம்ப்யூட்டர், யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் இதுக்குள்ள எல்லாம் இரைச்சல அடக்குறதுக்குன்னு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். அது என்ன பண்ணிரும்னு கேக்கிறியளா, கணக்குப் பாருங்க. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு கிட்டத்தட்ட 32,000 ஓம் தடை, அதாவது அடைச்ச கதவு. அதே கெப்பாசிட்டர் 120 கிலோஹெர்ட்ஸுக்கு வெறும் 13 ஓம், தொறந்த வாசல். நாம கஷ்டப்பட்டு அனுப்புற சேதி எல்லாம் ஷெட்டுக்குப் போகாம டிவிக்குப் பின்னாலயே வடிஞ்சு போயிரும். எங்க வீட்டுல குத்தவாளி டிவி ஸ்டாண்டுல கிடந்த ஒரு ஸ்பைக் பஸ்டர்தான். கண்டுபிடிச்ச விதம் ரொம்ப லேசு, வீட்டுல இருக்கிற பிளக் எல்லாத்தையும் உருவிப் போட்டேன், லைட் ஒழுங்கா கேட்டுது, பொறவு ஒண்ணொண்ணா சொருகி ஒவ்வொரு தடவையும் லைட்ட போட்டுப் பாத்தேன், எத சொருகினதும் நின்னுதோ அதுதான் ஆளு. அதுக்கு முன்னால ஒரு ஃபில்டர் போட்டா தீரும், இல்லேன்னா வேற லைனுக்கு மாத்திக்கிடலாம்.

குடிக்கிறவன் ஒரு பக்கம்னா கத்துறவன் இன்னொரு பக்கம். மிக்சி, டிரில்லிங் மெஷின் இதுல உள்ள கார்பன் பிரஷ் பொறி தட்டும்போது லைன் முழுக்க இரைச்சல். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், விலை குறைஞ்ச எல்இடி பல்பு, டூப்ளிகேட் மொபைல் சார்ஜர் எல்லாம் இதே ஜாதி. அம்மை தேங்கா அரைக்கும்போது ஷெட்டு லைட் கேக்காது, இது எங்க வீட்டு நிரந்தர விதி.

அப்புறம் லூஸ் ஜாயிண்ட். எங்க ஷெட்டுக்குப் போற ஒயர்ல ரெண்டு இடத்துல முறுக்கி டேப் சுத்தினதோட சரி, பால உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊத்துற இடம்ங்கிறதால செம்பெல்லாம் பச்சை பிடிச்சுக் கிடந்தது. பல்பு எரியுறதுக்கு அது போதும், சிக்னலுக்கு போதாது. கடக்கரை ஊர்ல உப்புக்காத்துக்கும் இதே கதைதான். ஒயர்மேன் அண்ணாச்சி வந்து பாத்துட்டு "இது எரிஞ்சதே அதிசயம்டே, தீ பிடிக்காம விட்டுதே"ன்னு சொல்லி கனெக்டர் போட்டு மாத்தினாரு, அதுக்குப் பெறவு சிக்னல் தானா சரியாச்சு.

பல்பு விஷயத்துலயும் ஒரு வார்த்தை. பழைய லேம்ப் மாட்யூல் எல்லாம் குண்டு பல்பு காலத்துல, வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிறதுக்குன்னு செஞ்சது, குறைஞ்சது 40 வாட், 60 வாட் லோடு வேணும்னு அதுலயே போட்டிருக்கும். நாம மாட்டுறது 9 வாட் எல்இடி. அணைச்சப்பெறவும் மினுக்கு மினுக்குனு பேய் முழி முழிக்கும், இல்லேன்னா ங்ங்னு இரையும். அதனால டிம்மர் உள்ள மாட்யூல் வேண்டாம், ரிலே உள்ள அப்ளையன்ஸ் மாட்யூல் வாங்குங்க. அதுலயும் லேசா மினுங்கிச்சுன்னா பயப்படாதீங்க, லேம்போட சொந்த சுவிட்ச யாராவது போட்டாங்களான்னு பாக்க மாட்யூல் ஒரு துளி கரண்ட கசிய விடும், அந்த துளியே எல்இடிக்கு போதும்.

முதல் தடவை செய்யிறவங்க சுவிட்ச் போர்டுல கை வைக்கவே வேண்டாம். சொருகுற மாடல் மாட்யூல் ஒண்ணு, சொருகுற கண்ட்ரோலர் ஒண்ணு, ஒரு டேபிள் லேம்ப், இவ்வளவு போதும். மூணையும் ஒரே அறையில வச்சு முதல்ல வேலை செய்யுதான்னு பாருங்க, பொறவு லேம்ப எடுத்துட்டு அறை அறையா நடங்க, எங்க கேக்குது எங்க கேக்கல்லன்னு ஒரு தாள்ல எழுதுங்க. அந்த தாளுதான் உங்க வீட்டு ஒயரிங்கோட ஜாதகம். அதுக்கப்புறம் போர்டுக்குள்ள வைக்கிற மாடல் பத்தி யோசிக்கலாம், அதுக்கு போர்டுல நியூட்ரல் வேணும், நம்ம ஊர்ல போர்டுலயே பிளக் பாயிண்டும் இருக்கிறதால பெரும்பாலும் நியூட்ரல் கிடைக்கும், வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டுல கிடைக்காது. எதுவானாலும் மெயின் ஆஃப் பண்ணி, டெஸ்டர் வச்சு பாத்துட்டு, தெரிஞ்ச ஒயர்மேன கூட வச்சுதான். டிபியில கரண்டு கசிஞ்சா உடனே லைன வெட்டி விடுற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லேன்னா ஆட்டோமேஷன் காசுல முதல்ல அத மாட்டுங்க. இடி மின்னல் நேரத்துல சொருகினது எல்லாத்தையும் உருவிருங்க. பழைய சுவிட்ச அப்படியே விட்டு வைங்க, வீட்டுக்கு வர்ற பெரியம்மைக்கு லைட்டு போட மேனுவல் படிக்கத் தெரியாது.

"இந்தக் காலத்துல போய் எக்ஸ்-10-ஆ"ன்னு கேப்பிய. நியாயம்தான். இதோட குறைய தீக்க 1999-ல யுபிபின்னு ஒண்ணு வந்தது, 2005-ல இன்ஸ்டியான் வந்தது, அது கம்பியிலயும் ரேடியோவுலயும் ரெண்டு வழியா பேசும், பதிலும் சொல்லும். ஆனா 2022 ஏப்ரல்ல திடீர்னு அதோட சர்வர நிறுத்திட்டாங்க, ஆப்ப நம்பி இருந்தவங்க முழிச்சாங்க, பொறவு பயன்படுத்துறவங்களே ஒரு கூட்டமா சேர்ந்து வாங்கி திரும்ப ஓட விட்டாங்க. எக்ஸ்-10-க்கு சர்வரே கிடையாது, அது ஒரு நிம்மதி. வைஃபை எல்லா அறைக்கும் எட்டுற புது கான்கிரீட் வீடுன்னா வைஃபை சுவிட்சே போதும், கம்பி வழி எல்லாம் தேவையில்ல. நம்மள மாதிரி தடிச்ச சுவரு, தள்ளி இருக்கிற ஷெட்டு உள்ளவங்களுக்கு நடு வழி ஒண்ணும் இருக்கு, பவர்லைன் அடாப்டர்னு கிடைக்கும், அது இன்டர்நெட்டையே கரண்டு கம்பியில 2 மெகாஹெர்ட்ஸும் அதுக்கு மேலயும் உள்ள அலையில கடத்தும், ஷெட்டுல அத சொருகி அங்க ஒரு வைஃபை உண்டாக்கி சாதா வைஃபை பல்பு போட்டுக்கலாம். அதுக்கும் பேஸும் இன்வெர்ட்டரும் ஸ்பைக் பஸ்டரும் இதே தொல்லைய குடுக்கும், அதனால மேல சொன்ன ஜாதகம் வீண் போகாது.

கடைசியா ஒரு சின்ன வேலை, ஆனா மறந்துராதீங்க. மார்க்கர் பேனா எடுத்து டிபி பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் எந்த எம்சிபி (டிபியில ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சுவிட்ச்) எந்த அறை, எந்த பேஸ், எது இன்வெர்ட்டர், எந்த மாட்யூலுக்கு எந்த எழுத்து எந்த நம்பர்னு எழுதி வையுங்க. நான் எழுதாம விட்டேன், ஆறு மாசம் கழிச்சு இன்னொரு மாட்யூல் வாங்கிட்டு வந்து பழைய நம்பரையே வச்சிட்டேன், அப்பா விடியக்காலம் ஷெட்டு லைட்ட போட்டா மாடியில தூங்குற எனக்கும் சேர்த்து லைட் எரியுது.